இராயப்பருக்கும் சின்னப்பருக்கும் ஏன் ஒரே நாள்?

தாராவியில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய பிறந்த வீடு நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. புகுந்த வீடு மணப்பாடு பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். ஜூன் 29 வந்தால் மாமியார் "இன்று இராயப்பர் சின்னப்பர் திருநாள்", அதாவது பேதுரு, பவுல் திருநாள், என்று குடையை எடுத்துக்கொண்டு பூசைக்குக் கிளம்பிவிடுகிறார். அன்று பேதுருவின் நாள் மட்டும்தான் என்று இவருடைய அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வேறு சந்தேகம்: "இரண்டு பேரும் ஒரே நாளிலா செத்தார்கள்? கலாத்தியர் நிருபத்தில் சண்டை போட்டவர்கள்தானே, அவர்களுக்கு எப்படி ஒரே திருநாள்?"

சகோதரி, உங்கள் அப்பா சொன்னதும் சரி, உங்கள் அத்தை சொல்வதும் சரி. மகளின் கேள்விதான் எல்லாவற்றிலும் சரியான கேள்வி. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மும்பையில் இருக்கிறேன். அதில் பாதிக் காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் இப்படி நேராகக் கேட்டதில்லை. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அப்பா. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் ஜூன் 29 தூய பேதுருவின் நாள் மட்டுமே. பவுலுக்கு அவர் மனந்திரும்பிய நாளான ஜனவரி 25-ஐக் கொடுத்திருந்தார்கள். திருநெல்வேலிச் சீமையின் சபைகள் அந்த ஆங்கிலிக்க மரபில் வளர்ந்தவை. அப்பாவின் நினைவு அங்கிருந்து வருகிறது. இப்போது ஆங்கிலிக்க மரபுச் சபைகள் பலவற்றின் நாட்காட்டியில் ஜூன் 29-க்கு இருவர் பெயரும் சேர்ந்தே வருகின்றன. கத்தோலிக்கர் ஜனவரி 25-ஐயும் கொண்டாடுகிறார்கள், ஜூன் 29-ஐ இருவருக்கும் சேர்த்துப் பெருவிழாவாகவும் வைத்திருக்கிறார்கள்.

அடுத்து பெயர்கள். பேதுருதான் இராயப்பர், பவுல்தான் சின்னப்பர். 'பவுலுஸ்' என்ற இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள். பழைய கத்தோலிக்கத் தமிழ் அந்தப் பொருளை அப்படியே பிடித்துச் சின்னப்பர் ஆக்கிக்கொண்டது. யோவான் அருளப்பர் ஆனார், யாக்கோபு யாகப்பர் ஆனார், சூசை சூசையப்பர் ஆனார். எல்லாருக்கும் ஓர் 'அப்பர்'. வேற்றூர்ப் புனிதர்களை வீட்டுப் பெரியவர்களாக மாற்றிக்கொண்ட இந்த வழக்கத்தின் மேல் எனக்குத் தீராத அன்பு உண்டு. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தபோது பேதுரு, பவுல், யோவான் என்ற வடிவங்களே நின்றன. இரண்டு சபைப் பிள்ளைகளும் ஒரே பெயரைச் சொல்லும்படி ஆனது நல்லதுதான். ஆனால் உங்கள் அத்தை 'இராயப்பர்' என்று சொல்லும்போது திருத்தாதீர்கள். சென்னையின் இராயபுரம் அந்தப் பெயரிலிருந்து பிறந்தது. துறைமுகத்துக்கு அருகே படகுத் தொழில் செய்த கிறிஸ்தவர்கள் தங்கள் தொழிலுக்குரிய புனிதராகிய இராயப்பருக்குக் கோயில் எழுப்பினார்கள். ஊருக்கும் அவர் பெயரே நின்றுவிட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டதும் அதே இராயபுரத்தில்தான். சென்னை வழியாக ரயிலேறி மும்பைக்கு வந்த நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இனி மகளின் முதல் கேள்வி. இருவரும் ஒரே நாளில் இறந்தார்கள் என்று ஒரு பழைய மரபு சொல்கிறது. ஆனால் அதற்கு உறுதியான சான்று கிடையாது. உரோமை நகரம் தீப்பற்றி எரிந்தது 64 ஜூலையில். அந்தப் பழியை நீரோ மன்னன் கிறிஸ்தவர்கள்மேல் போட்டான். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில், 64-க்கும் 67-க்கும் இடையில், இருவரும் உரோமையில் கொல்லப்பட்டார்கள் என்பதே பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. கொல்லப்பட்ட விதம் வேறு வேறு. பவுல் உரோமைக் குடியுரிமை பெற்றவர், அப்படிப்பட்டவரைச் சிலுவையில் அறைவது வழக்கமில்லை. ஓஸ்தியா சாலைப் பக்கம் கொண்டுபோய் வாளால் தலையை வெட்டினார்கள். பேதுரு கலிலேயாவிலிருந்து வந்த மீன்பிடிக்காரர், அவருக்கு அந்தச் சலுகை கிடையாது. வத்திக்கான் குன்றருகே சிலுவையில் அறைந்தார்கள். தம் ஆண்டவரைப் போலச் சாகத் தமக்குத் தகுதியில்லை என்று தலைகீழாக அறையச் சொன்னார் என்பது இரண்டாம் நூற்றாண்டிலேயே வழங்கிய மரபு. கோயில்களில் ஒருவர் கையில் சாவியும் மற்றவர் கையில் வாளும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாவி மத்தேயு 16-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பேதுருவுக்குக் கொடுப்பதாகச் சொன்னது. வாளோ பவுலின் கழுத்தை வெட்டியது.

அப்படியானால் ஜூன் 29 எங்கிருந்து வந்தது? 354-ஆம் ஆண்டைச் சேர்ந்த உரோமை நாட்காட்டித் தொகுப்பு ஒன்று இருக்கிறது. மறைச்சாட்சிகளின் நினைவு நாள்கள் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஜூன் 29-க்கு நேரே பேதுரு, பவுல் இருவர் பெயரும் வருகின்றன. கூடவே அந்த ஆண்டின் ஆட்சித்தலைவர்களாக இருவரின் பெயர்கள். அவர்கள் பதவியில் இருந்த ஆண்டு 258. திருத்தூதர்கள் இறந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஓடிய பின் வரும் ஆண்டு அது. ஆகவே அது இறந்த நாளைச் சொல்லவில்லை, சேர்த்து நினைக்கத் தொடங்கிய நாளைச் சொல்கிறது என்பதே பெரும்பாலோர் கொள்கிற விளக்கம்.

258 சாதாரண ஆண்டல்ல. அதற்கு முந்தைய ஆண்டு வலேரியன் என்ற பேரரசன் கிறிஸ்தவர்கள் கல்லறைத் தோட்டங்களில் கூடுவதைத் தடை செய்திருந்தான். 258 ஆகஸ்டில் திருத்தந்தை இரண்டாம் சிக்ஸ்துவும், நான்கே நாள் கழித்துத் திருத்தொண்டர் லாரன்சும் கொல்லப்பட்டார்கள். அந்த நெருக்கடியில்தான் ஆப்பியா சாலையில், இப்போது புனித செபஸ்தியார் பெருங்கோயில் நிற்கும் இடத்தில், இருவரையும் ஒருசேர நினைவுகூரத் தொடங்கினார்கள். இருவரின் எலும்புகளையும் பாதுகாப்புக்காக அங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்று சொல்வோரும் உண்டு, நினைவு வழிபாடு மட்டுமே நடந்தது என்று சொல்வோரும் உண்டு.

1915-இல் அந்தக் கோயிலின் அடியில் தோண்டியபோது ஒரு கூடம் கிடைத்தது. திரிக்லியா என்று அதற்குப் பெயர். சுவரோரம் உட்காருவதற்குத் திண்ணை. மேலே கூரை, ஒரு பக்கம் திறப்பு. நம் ஊர்க் கோயில் முன்மண்டபம் போலக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சுண்ணாம்புச் சுவரில் கூர்மையான எதையோ கொண்டு கீறிய எழுத்துகள், நூற்றுக்கணக்கில். "பவுலே, பேதுருவே, இன்னாருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று கோணல்மாணலாக எழுதியிருக்கிறார்கள். சில இடத்தில் பவுல் பெயர் முன்னால், சில இடத்தில் பேதுரு முன்னால். வேறு சிலர், இருவருக்கும் நேர்ந்துகொண்டபடி இங்கே விருந்து வைத்தேன் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய சொல் 'ரெஃப்ரிஜேரியம்'. குளிர்ச்சி, இளைப்பாற்றி என்று பொருள். இறந்தவர் நினைவாக உறவினரும் ஏழைகளும் சேர்ந்து உட்கார்ந்து உண்ணும் உணவு அது.

கவனித்தீர்களா? இருவருக்கும் சேர்த்து முதன்முதலாக வழிபாடு நடந்ததாக நாம் காணும் இடம் ஒரு சாப்பாட்டுக் கூடம். உங்கள் நாசரேத் பக்கம் இதை அசனம் என்பீர்கள். மகளின் இரண்டாம் கேள்விக்குப் பதில் இந்தப் பந்தியில்தான் கிடைக்கிறது. ஏனென்றால் அவர்கள் சண்டையும் பந்தியில்தான் வந்தது.

கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் 11 முதல் 14 வரை எடுத்துப் பாருங்கள். அந்தியோக்கியா பெரிய நகரம். யூதர்களும் பிற இனத்தாரும் கலந்து வாழ்ந்த இடம். கிறிஸ்தவர்கள் என்ற பெயரே முதலில் அங்கேதான் வழங்கியது என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. அந்தச் சபைக்குப் பேதுரு வந்தார். பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டார். யூத வழக்கப்படி அது கூடாத காரியம். ஆனால் பேதுருவுக்கு அதில் தயக்கம் இருக்கவில்லை. யோப்பாவில் மாடியில் செபித்துக்கொண்டிருந்தபோது வானத்திலிருந்து விரிப்பு இறங்கிய காட்சியைக் கண்டவர் அவர். செசரியாவில் கொர்னேலியு என்ற உரோமைப் படைத்தலைவரின் வீட்டுக்குள் நுழைந்தவர். அதெல்லாம் ஆன பிறகு, எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபின் பக்கத்திலிருந்து சிலர் அந்தியோக்கியாவுக்கு வந்தார்கள். அவர்கள் வந்ததும் பேதுரு மெல்ல விலகிக்கொண்டார். பிற இனத்தாரோடு உண்பதை நிறுத்தினார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள். பவுலின் உற்ற துணையான பர்னபாவும் அவர்களோடு இழுபட்டுப் போனார்.

பவுல் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்றார். 'முகமுகமாய்' எதிர்த்தார் என்பது உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் வரும் சொல். அதைவிட நல்ல சொல் கிடைக்காது. யூதராகிய நீரே யூத முறைப்படி நடக்காதபோது, பிற இனத்தார் யூத முறைப்படி நடக்கவேண்டும் என்று எப்படி வற்புறுத்தலாம் என்பது அவருடைய கேள்வி.

மற்ற நாட்டு விளக்கவுரைகளில் இந்த இடத்துக்கு உணவுச் சட்டங்கள், விருத்தசேதனம் என்று பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறார்கள். தமிழ் வாசகருக்கு அவ்வளவு தேவையில்லை. யார் பக்கத்தில் யார் இலை போடுவது என்பது நமக்குத் தெரியாத சங்கதியா?

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். 1984. எனக்கு இருபத்து மூன்று வயது. தாராவியில் ஒரு சால் வீட்டில், அதாவது வரிசை அறைக் குடியிருப்பில், எட்டுப் பேர் ஓர் அறையில் இருந்தோம். என் பக்கத்துப் பாய்க்காரர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். வேறு ஊர், வேறு சாதி. இருவருக்கும் ஒரே பட்டறையில் வேலை. அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஜூன் 29 மாலை பூசை முடிந்து முற்றத்தில் பந்தி போட்டிருந்தோம். மழைக்காகக் கட்டிய தார்ப்பாயில் தண்ணீர் தேங்கி வயிறுபோலத் தொங்கியது. ஒருவர் துடைப்பக் கட்டையால் அதை மேலே தள்ளித் தள்ளித் தண்ணீரை வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். மாட்டுங்கா சந்தையில் வாங்கிவந்த இலையில் உப்பு வைத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எதிர் வரிசையில் என் தாய்மாமாவைக் கவனித்தேன். ஊரிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். உப்பு தரையில் சிந்தியது. மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இரவு விளக்கை அணைத்த பிறகு அண்ணன் கேட்டார்: "ஊர்க்காரர் வராத நாளில் மட்டும்தான் நான் உனக்கு அண்ணனா?" எனக்குப் பதில் வரவில்லை. கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை அதற்கு முன்பு எத்தனையோ முறை வாசித்திருந்தேன். அன்றிரவுதான் அது எனக்கு விளங்கியது. பேதுருவுக்கு நம்பிக்கை குறைந்துபோகவில்லை. உண்மை எது என்று அவருக்குத் தெரியும். எருசலேமிலிருந்து ஆள் வந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

இந்தச் சண்டை திருச்சபையின் பெரியவர்களைப் பல நூற்றாண்டுகள் தூங்கவிடவில்லை. திருத்தூதர் ஒருவர் தவறினார், இன்னொருவர் சபை நடுவே அவரைக் கண்டித்தார் என்பதை எப்படி ஒத்துக்கொள்வது? அலெக்சாந்திரியாவின் கிளமென்ட், இந்த நிருபத்தில் பேதுருவின் பெயராக இங்கே வரும் கேபா, திருத்தூதர் பேதுருவே அல்ல, எழுபது சீடரில் ஒருவர் என்று சொல்லிப் பார்த்தார். விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த எரோணிமுஸ், இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, மற்றவர்கள் பாடம் கற்கட்டும் என்று நடித்தார்கள் என்று எழுதினார். அதைப் படித்த வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தினாருக்குப் பொறுக்கவில்லை. பவுல் "நான் எழுதுவது பொய்யல்ல" என்று சத்தியம் செய்துவிட்டு எழுதிய நிருபம் அது. அதில் நாடகத்தை உண்மையாகச் சொல்லியிருக்கிறார் என்றால், விவிலியத்தில் எந்த வரியைத்தான் நம்புவது? இப்படிக் கேட்டு வட ஆப்பிரிக்காவிலிருந்து, எரோணிமுஸ் வாழ்ந்த பெத்லகேமுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் வழிமாறிப் போயின, காலம் தாழ்த்திச் சேர்ந்தன, மற்றவர் கைகளில் சிக்கின. எரோணிமுஸ் கடுங்கோபம் கொண்டார். பேதுருவும் பவுலும் சண்டையிட்டார்களா என்பதைப் பற்றி இரண்டு புனிதர்கள் பத்தாண்டுக்கு மேல் சண்டையிட்டார்கள். என் சார்பு அகுஸ்தினார் பக்கம். கண்டித்த பவுலின் துணிவைவிட, கண்டிப்பை ஏற்றுக்கொண்ட பேதுருவின் தாழ்மை பெரிது என்று அவர் அந்த விவாதத்தில் எழுதினார். நான் அதை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

அதே அகுஸ்தினாரின் மறையுரை ஒன்று இன்றும் ஜூன் 29 அன்று குருக்களும் துறவியரும் வாசிக்கும் செபப் புத்தகத்தில் இருக்கிறது. மகளின் முதல் கேள்விக்கு அவர் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்: இரண்டு திருத்தூதருக்கு ஒரே நாள், ஆனால் அவர்கள் இருவரும் ஒன்றாகவே இருந்தார்கள். வெவ்வேறு நாளில் இறந்திருந்தாலும் ஒன்றாகவே இருந்தார்கள். பேதுரு முன்னே போனார், பவுல் பின்னே தொடர்ந்தார்.

ஒன்றாக இருந்தார்கள் என்றால் எதிலும் கருத்து வேறுபாடு இல்லாமல் இருந்தார்கள் என்று மகள் நினைத்துவிடக்கூடாது. அதே கலாத்தியர் நிருபம் முதல் அதிகாரத்தில் ஒரு சிறு வரி இருக்கிறது. மனம் மாறி மூன்று ஆண்டு கழித்து, பவுல் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கினார். கிறிஸ்தவர்களைச் சிறைக்கு இழுத்துப்போனவர் ஒருவர். மும்முறை மறுதலித்துவிட்டு அழுதவர் மற்றவர். பதினைந்து நாளும் ஒரே கூரையின் கீழ் என்ன பேசினார்கள் என்று ஒரு வரியும் எழுதிவைக்கவில்லை. பிற்பாடு அந்தியோக்கியாவில் நடந்த மோதல், முன்பின் தெரியாத இருவருக்கு நடுவே நடந்ததல்ல. ஒருவர் வீட்டுச் சோற்றை மற்றவர் உண்டிருக்கிறார். 28-ஆம் தேதி மாலைத் திருவிழிப்புத் திருப்பலியில் இந்தப் பகுதியைத்தான் வாசிக்கிறார்கள். உங்கள் அத்தையோடு அந்தப் பூசைக்கும் போய்ப் பாருங்கள். மறுநாள் பகலில் வேறு வாசகங்கள் வரும். திருத்தூதர் பணிகள் 12-இல், ஏரோது அடைத்துவைத்த சிறையிலிருந்து வானதூதர் பேதுருவைத் தட்டி எழுப்பி, இடுப்புக் கச்சையைக் கட்டச்சொல்லி, மிதியடி போடச்சொல்லி வெளியே கூட்டிவரும் காட்சி. இரண்டாம் வாசகத்தில், என் ஓட்டத்தை முடித்துவிட்டேன் என்று பவுல் திமொத்தேயுவுக்கு எழுதுவது. குரு சிவப்பு உடை அணிந்திருப்பார், அது சிந்திய இரத்தத்துக்கு. கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை அன்று வாசிப்பதில்லை. வாசிக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

உரோமையின் பழைய கதையில் நகரைத் தோற்றுவித்தவர்கள் இரட்டைச் சகோதரர்கள், ரோமுலுஸும் ரேமுஸும். அண்ணன் தம்பி தகராறில் ஒருவன் மற்றவனைக் கொன்றுவிட்டான். ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய லியோ இந்தத் திருநாள் மறையுரையில் உரோமை நகரத்தைப் பார்த்தே பேசினார். உன்னை உண்மையில் உருவாக்கியவர்கள் இவர்கள் இருவர். முன்னவர்களில் உனக்குப் பெயர் கொடுத்தவன் தம்பியின் இரத்தத்தால் உன்னைக் கறைப்படுத்தினான் என்றார். நான்காம் நூற்றாண்டின் தங்கத் தகடு பதித்த கண்ணாடிக் கிண்ணங்களில் இருவரையும் எதிரெதிரே முகம் பார்க்க வரைந்திருக்கிறார்கள். சுருண்ட முடியும் குட்டைத் தாடியும் பேதுரு, முன்வழுக்கையும் கூர்ந்த தாடியும் பவுல். கீழைத் திருச்சபைகளின் படங்களில் இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தழுவி நிற்பார்கள். சாவியும் வாளும் இல்லாத படத்தை மகள் எங்காவது பார்த்தாலும் தாடியை வைத்து அடையாளம் சொல்லிவிடலாம்.

இன்று உரோமையில் அந்த நாள் நகர விடுமுறை. புனித பேதுரு பெருங்கோயிலில் இருக்கும் பேதுருவின் வெண்கலச் சிலைக்குத் திருத்தந்தையின் பட்டுடையும் மகுடமும் சூட்டுவார்கள். தொட்டும் முத்தமிட்டும் அதன் வலப்பாதம் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. உலகெங்கும் புதிதாகப் பொறுப்பேற்ற பேராயர்களுக்குப் பாலியம் என்ற வெள்ளைக் கம்பளித் தோளணி அன்றுதான் வழங்கப்படுகிறது. அதை 2015 முதல் அவரவர் ஊரில் அணிவிக்கும்படி திருத்தந்தை பிரான்சிஸ் மாற்றியிருந்தார். 2025-இல் திருத்தந்தை பதினான்காம் லியோ மறுபடி தம் கையாலேயே அணிவித்தார். இன்னொரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் கான்ஸ்டாண்டிநோபிள் மறைமுதுவர் ஜூன் 29-க்கு உரோமைக்குத் தூதுக்குழு அனுப்புவார். நவம்பர் 30, அதாவது பேதுருவின் சகோதரர் அந்திரேயாவின் நாளுக்கு, உரோமையிலிருந்து அங்கே தூதுக்குழு போகும். பிரிந்த இரண்டு திருச்சபைகள் உடன்பிறந்த இருவரின் நாள்களுக்கும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருகின்றன. உங்கள் பக்கத்து வீட்டில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்த மலையாளக் குடும்பம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஜூன் 16 முதல் 29 வரை அவர்களுக்குத் திருத்தூதர் நோன்பு.

மும்பையில் இந்தத் திருநாள் மழையில்தான் வரும், வேறு வழியில்லை. பாந்திரா ஹில் ரோட்டில் இயேசு சபைக் குருக்களின் பொறுப்பில் புனித பேதுருவின் கோயில் இருக்கிறது. ஒரு முறை மகளைக் கூட்டிப்போய் வாருங்கள். பேதுரு மீனவர், ஆனால் இந்தக் கரையின் மீனவர்கள் அன்று கடலுக்குப் போக முடியாது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. படகுகள் கரையேறித் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும். உங்கள் அத்தை பிறந்த கிழக்குக் கரையில் தடை ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிந்துவிடும். ஆகவே அங்கே இராயப்பர் திருநாளுக்கு வலையில் புது மீன் விழுந்திருக்கும். இங்கே கருவாட்டுக் குழம்பு. கோவாவில் அன்று இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி மேடையாக்கி, ஆற்றில் பாட்டும் கூத்துமாகப் போவார்கள். சாங்கோட் என்று அதற்குப் பெயர். கடல் மூடியிருக்கும் காலத்தில் ஆறுதானே துணை.

எந்தப் பெயரைச் சொல்லவேண்டும் என்று மகள் கேட்டால், பள்ளியிலும் விவிலியத்திலும் பேதுரு, பவுல் என்று சொல்லட்டும். பாட்டியோடு பேசும்போது இராயப்பர், சின்னப்பர். இரண்டு சபைகள் சேர்ந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இரண்டும் உரிமையானவை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரி, அந்தியோக்கியாவில் யார் ஜெயித்தது?" என்று அவள் கட்டாயம் கேட்பாள். பவுல் தான் சொன்னதை எழுதியிருக்கிறார், பேதுரு என்ன பதில் சொன்னார் என்று எழுதவில்லை. பேதுரு திரும்பி வந்து அந்தப் பந்தியில் உட்கார்ந்தாரா என்றும் இல்லை. அதற்குப் பிறகு பவுல் புறப்பட்ட பயணத்தில் பர்னபா கூட இல்லை. வேறொரு காரணத்தால் பிரிந்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் சொல்கிறது. பவுல் அன்று தோற்றிருக்கலாம் என்று நினைக்கும் அறிஞர்கள் உண்டு. அதன் பிறகு புதிய ஏற்பாட்டின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். பேதுருவின் இரண்டாம் திருமுகம், மூன்றாம் அதிகாரம், 15, 16 வசனங்கள். அதைப் பேதுருவே எழுதினாரா, அவர் பெயரால் பின்னால் வந்தவர் எழுதினாரா என்பதில் அறிஞர்களிடையே வேறுபாடு உண்டு. யார் எழுதியிருந்தாலும் சபை அதைப் பேதுருவின் குரலாகத்தான் காத்துவைத்தது. பவுலை அங்கே 'நம் அன்பு சகோதரர்' என்று சொல்கிறது. அடுத்த மூச்சிலேயே, அவருடைய திருமுகங்களில் புரிந்துகொள்ளக் கடினமானவை சில இருக்கின்றன என்றும் சொல்கிறது. அந்த இரண்டு வசனத்தையும் மகளை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், அத்தையும் கூட இருக்கும்போது.